நோன்பில் ஆறிய உதடு

அவளிடம் எதையும் விளையாட்டுக்குச் சொல்லக் கூடாது. சொன்னால் செய்துவிடுவாள்.

ஒரு நாள் டிஸ்பென்சரியில் சனம் நெருக்கிக்கொண்டிருந்த நேரத்தில் வந்து என் மேசைக்கு முன்னால் நின்றாள். உதட்டுப் புண்ணுக்குத் தன் உம்மா சொன்ன மருந்து, பக்கத்து வீட்டு மூத்தம்மா சொன்ன மருந்து, நிந்தவூரில் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரிசாரியார் சொன்ன பத்தியம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லத் தொடங்கினாள். எனக்கு எரிச்சல் வந்தது.

"மச்சி, நீ கதைக்காம இருந்தாலே பாதி வருத்தம் சுகமாகிடும்" என்றேன்.

வரிசையில் நின்ற இரண்டு பேர் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. தலையை ஆட்டினாள், களிம்பை வாங்கிக்கொண்டு போனாள்.

சில வாரம் கழித்து அவளுடைய உம்மா, என் மாமி, டிஸ்பென்சரி வாசலில் நின்று சத்தம் போட்டார்.

"என்ன மருந்து மகன் குடுத்த நீங்க? புள்ளைட வாய் அடச்சிப் போச்சி. கூப்பிட்டாத் தலய ஆட்டுறாள். கேள்வி கேட்டாக் கையக் காட்டுறாள். ஜின் புடிச்ச எண்டு ஊரெல்லாம் கதைக்கிது."

"வாய் அடைக்கிற மருந்து ஒண்டும் நான் குடுக்கல்ல மாமி."

"அப்ப என்னத்துக்கு உங்கட பேரச் சொல்லுறாள்? டொக்டர் மச்சான் கதைக்க வேணாமெண்டு சொன்னாராம். விரலால மண்ணுல எழுதிக் காட்டுறாள்."

அன்று பின்னேரம் சைக்கிளை எடுத்துக்கொண்டு அவர்கள் இருந்த மருதமுனைக்குப் போனேன். அவள் தறியில் இருந்தாள். "இனிக் கதைக்கலாம் மச்சி" என்றேன். அவள் தொண்டையைச் செருமிக்கொண்டாள். "கொஞ்சம் சுகம்போலதான் கிடக்கு மச்சான்" என்றாள். இத்தனை நாளுக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அது. குரல் அவளுடையதுபோலவே இல்லை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். பல காலம் இதை ஒரு பகிடியாகவே சொல்லி வந்தேன். இப்போது சொல்வதில்லை.

நான் டொக்டர் இல்லை. அரசாங்க டிஸ்பென்சரி ஒன்றில் மருந்து கலந்து கொடுக்கிற வேலை எனக்கு. படித்த டொக்டர் கிழமையில் சில நாள்தான் வருவார். மற்ற நாட்களில் காய்ச்சல், சிரங்கு, வயிற்றோட்டம் எல்லாவற்றுக்கும் நான்தான். வெள்ளைக் கோட்டுப் போட்டிருந்ததால் ஊரார் என்னையும் டொக்டர் என்றார்கள். நான் யாரையும் திருத்தியதில்லை.

அவள் என் உம்மாவின் தம்பியுடைய மகள். மாமா உயிரோடு இருக்கும்போதே என் தம்பிக்கு அவளைச் சொல்லி வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கல்யாணம் நடக்கும். மாமா மௌத்தான பிறகு அந்த வீட்டைக் கட்டி முடிக்கிற வேலை அவளுடைய தறிக்கு வந்து சேர்ந்தது. அவள் ஆண்கள் உடுக்கிற சாரம் நெய்தாள். சாரம் விற்றுக் கல் வாங்கினார்கள். சுவர் எழும்பிக் கூரையும் போட்ட பிறகு சூறாவளி வந்து கூரையைக் கொண்டுபோனது. விழாமல் நின்ற சுவர்களுக்கு மேல் அவள் தென்னங்கிடுகைப் போட்டுக்கொண்டு, அதற்குள்ளேயே தறியைப் பூட்டி மறுபடியும் நெய்யத் தொடங்கினாள். வீட்டை விட்டுவிடு என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை அல்லவா.

சூறாவளிக்கு அடுத்த வருடம் உதடு தொடங்கியது. முதலில் அரிப்பு. பிறகு மேலுதடும் கீழுதடும் நடுவில் தடித்துச் சிவந்தன. தோல் செதில் செதிலாக உரிந்தது. உரிந்த இடம் வெடித்தது. சிரித்தால் இரத்தம் கசியும். உறைப்புப் பட்டால் கண்ணில் நீர் நிற்கும். உதட்டின் நடுப்பகுதி மட்டும்தான் அப்படி. கடைவாய் இரண்டும் நன்றாகவே இருந்தன. சத்துக் குறைந்தால் முதலில் புண்ணாவது கடைவாய் என்று நான் படித்திருக்கிறேன். இருந்தும் விற்றமின் குளிசைதான் கொடுத்தேன். அது அலுமாரியில் நிறைய இருந்தது.

அதற்கும் ஆறாதபோது ஊதா மருந்தைக் கொடுத்தேன், காலையும் மாலையும் பூசச் சொல்லி. எத்தனை நாளைக்கு என்று சொல்ல மறந்துவிட்டேன். போத்தல் முடிய முடிய வந்து வாங்கிப் போயிருக்கிறாள். நான் இல்லாத நாட்களில் வேறு யாரோ கொடுத்திருக்கிறார்கள். ஒரு நாள் கல்முனைச் சந்தையில் கண்டேன். முக்காட்டை இழுத்து வாயை மறைத்திருந்தாள். காற்றில் முக்காடு விலகியபோது உதடு இரண்டும் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தன.

"இன்னுமா இதப் பூசுற?"

"பூசச் சொன்னதானே மச்சான்."

"அது ஒரு கிழமைக்குப் பூசிற மருந்து."

"அப்பிடியா" என்றாள். கோபமே இல்லை. "பள்ளிக்கூடத்துப் பிள்ளையள் கத்தரிக்கா வாய், கத்தரிக்கா வாய் எண்டு பின்னால வருதுகள். மருந்துதானே எண்டு நான் ஒண்டும் சொல்லல்ல."

மற்றவர்கள் சொன்னதையும் இப்படித்தான் செய்தாள். மீனும் இறாலும் முட்டையும் கிரந்தி, புண்ணைக் கிளப்பிவிடும் என்று பரிசாரியார் சொன்னார். கடற்கரை ஊரில் பிறந்தவள், எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறும் சோற்றையும் சொதியையும் தின்றாள். பள்ளிவாசல் லெப்பை ஓதிக் கொடுத்த தண்ணீரைச் சொன்ன வேளையில் சொன்ன அளவு குடித்தாள். பக்கத்து வீட்டு மூத்தம்மா வெற்றிலைச் சுண்ணாம்பைத் தேனில் குழைத்து வைக்கச் சொன்னார். வைத்தாள். தோல் வெந்து மேலுதட்டில் ஒரு வெள்ளைத் தழும்பு விழுந்தது.

"நெருப்பாட்டம் எரிஞ்சிருக்குமே. கழுவிப் போட்டிருக்கலாம்தானே?" என்று கேட்டேன்.

"மூத்தம்மா இன்னும் கழுவு எண்டு சொல்லல்ல மச்சான்."

அந்த நேரத்தில் நானும் ஒன்று சொன்னேன். இது தொற்றுகிற வருத்தமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாதென்று சொல்ல வெட்கம். ஆகவே படித்தவன்போல, "சுகமாகும் மட்டும் உனக்கெண்டு தனிக் கோப்பை, தனிப் பிளேட் வெச்சிக்க" என்றேன். அன்றைக்கே ஒரு எனாமல் பிளேட்டை வாங்கி, யாரும் மாறி எடுக்காதபடி அதன் அடியில் சிவப்புச் சாயத்தால் புள்ளி வைத்துக்கொண்டாள்.

அதற்கு முன்பே ஊர் அவளை விலக்கத் தொடங்கியிருந்தது. எங்கள் கல்யாண வீடுகளில் சஹன் வைப்பார்கள். ஒரு பெரிய தட்டம், ஆறு பேர் சுற்றியிருந்து அதிலேயே கைவைத்து உண்பார்கள். உறவுக்காரர் வீட்டுக் கல்யாணம் ஒன்றில் அவளும் ஒரு சஹனில் இருந்திருக்கிறாள். அவள் முதல் பிடியை வாயில் வைத்ததும் மற்ற ஐந்து பெண்களும் கையைக் கழுவிக்கொண்டு எழும்பிவிட்டார்கள். என் மனைவி பார்த்துக்கொண்டிருந்தவள். வீட்டுக்கு வந்து அழுதாள். அடுத்த முறை கண்டபோது நான் மெல்லக் கேட்டேன், மனம் நொந்துபோனாயா என்று.

"என்னத்துக்கு மச்சான்? எல்லாருக்கும் வயிறு நிறைஞ்ச எண்டு சொன்னாங்க" என்றாள்.

முதல் பிடியிலேயே ஐந்து பேருக்கும் எப்படி வயிறு நிறையும் என்று அவள் யோசிக்கவில்லை. அல்லது யோசித்தாள், ஆனால் சொன்னவர்களை நம்புவதுதான் மரியாதை என்று நினைத்தாள். இதில் எது சரி என்று எனக்கு இன்றும் தெரியாது.

நோன்பு வந்தால் மட்டும் உதடு ஆறும்.

அந்த வருடங்களில் நோன்பு கச்சான் காற்றுக் காலத்தில் வந்தது. மேற்கிலிருந்து அனலாக அடிக்கும் அந்தக் காற்றில் ஊரில் எல்லோருடைய உதடும் வெடிக்கும். அவளுடையது மட்டும் ஆறும். தலைப்பிறை கண்டு பத்துப் பதினைந்து நாளில் செதில் விழுந்து, வீக்கம் வற்றி, மற்றப் பெண்களின் உதடுபோல ஆகிவிடும். பெருநாள் முடிந்து சில நாளில் மறுபடியும் அரிப்புத் தொடங்கும்.

"நோன்புட பரக்கத்" என்றார் மாமி. லெப்பையும் அதைத்தான் சொன்னார். அவள் அதையும் மருந்தாக எடுத்துக்கொண்டாள். பெருநாளுக்குப் பிறகு ஆறு நோன்பு பிடித்தாள். அதன்பின் திங்களும் வியாழனும் பிடித்தாள். அதுவும் போதவில்லை என்று ஒன்றுவிட்டொரு நாள் பிடிக்கத் தொடங்கினாள். ஏற்கெனவே மீனும் முட்டையும் இல்லை. கழுத்தெலும்பு தெரிந்தது. ஆனாலும் உதடு ரமழானில் ஆறியதுபோல ஆறவில்லை.

"நிய்யத்துல என்னமோ குறை இருக்கி மச்சான்" என்றாள் ஒரு நாள். "அல்லாஹ்வுக்காகப் புடிக்காம வாய்க்காகப் புடிக்கிறன்தானே. அதுதான் சுகமாகுதில்ல."

நான் விற்றமின் குளிசையை எண்ணிக் கடதாசிப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த ரமழானில் ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு அவள் வீட்டுக்குப் போனேன். உம்மா கொடுத்தனுப்பிய பேரீச்சம்பழம் கையில் இருந்தது. அவள் தறிக்குழியில் கால் வைத்து உட்கார்ந்திருந்தாள். பாவில் சிவப்பு நூல். திறந்த பொருளாதாரம் வந்த பிறகு கொழும்பிலிருந்து தகரப் பேணியில் ஒரு புதுச் சாயம் வந்தது. வெட்டின கொம்மட்டிப் பழம்போன்ற சிவப்பு. அந்தச் சிவப்புச் சாரத்தைத்தான் எல்லோரும் கேட்டார்கள். அவள் கை ராசியான கை என்று சிவப்பை அவளுக்கே கொடுத்தார்கள்.

பாவுக்குள் இங்குமங்கும் ஓடுகிற ஓடத்தில் நூல் முடிந்துவிட்டது. அவள் புது நூற்கட்டையை வைத்து, சுவரில் தொங்கிய வளைந்த கம்பி ஒன்றை எடுத்து, ஓடத்தின் சிறு துவாரத்துக்குள் விட்டு நூலைக் கொளுவி இழுக்க முயன்றாள். நூல் வழுகியது. மறுபடியும் விட்டாள். மறுபடியும் வழுகியது.

"எப்பவும் இவ்வளவு கரைச்சலா?" என்று கேட்டேன்.

"இல்ல மச்சான். நோன்புக்குத்தான் இந்தக் கம்பி. மத்த நாளைக்கு..." என்று சொல்லி, ஓடத்தை உதட்டருகே கொண்டுபோனாள். துவாரத்தில் வாயை வைத்து உறிஞ்சுவதுபோலக் காட்டிவிட்டுச் சட்டென்று எடுத்தாள். "இப்பிடி ஒரு இழுவை. கண் மூடித் திறக்கிறதுக்குள்ள நூல் வந்திரும். நோன்போட அப்பிடிச் செய்ய ஏலா. சாயத் தண்ணி தொண்டைக்குள்ள இறங்கினா நோன்பு முறிஞ்சிரும் எண்டு லெப்பை சொன்ன."

அவள் ஓடத்தைக் கீழே வைத்தாள். துவாரத்தைச் சுற்றி மரத்தில் சிவப்பு ஊறியிருந்தது. ஒரு சின்ன வட்டம். சரியாக உதட்டின் நடுவில் பொருந்துகிற வட்டம்.

ஊரில் எல்லா நெசவாளரும் அப்படித்தான் உறிஞ்சுகிறார்கள். எல்லோருக்கும் அது ஒத்துவராமல் போவதில்லை. சிலருடைய தோல் மட்டும் சில சாயத்தை ஏற்காது. அவளுடையது அந்தப் புதுச் சிவப்பை ஏற்கவில்லை. நாளெல்லாம் நூல் முடிந்த ஒவ்வொரு தடவையும் அந்தச் சாயத்தை உதட்டில் வாங்கியிருக்கிறாள். ரமழானில் மட்டும் வாங்கவில்லை. ஆறு நோன்பும் திங்கள் வியாழன் நோன்பும் பிடித்த நாட்களில் கம்பியால் இழுத்தாள், மற்ற நாட்களில் வாயால் இழுத்தாள். நோன்பு அவளைச் சுகப்படுத்தவில்லை, கம்பிதான் சுகப்படுத்தியது. அங்கேயே, பேரீச்சம்பழப் பொதி கையில் இருக்கும்போதே, எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

சொல்ல வாயெடுத்தேன். மாமி உள்ளேயிருந்து, "ஆரு, மகனா வந்திரிக்க? நோன்பு திறந்திட்டுப் போங்க" என்று கூப்பிட்டார். நேரமாகிறது என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். அது உண்மை.

அன்று நோன்பு திறந்து, கஞ்சிக் கோப்பையைக் கழுவிக்கொண்டே உம்மா கேட்டார்.

"மகன், ஒண்டு கேக்கன், மறைக்காமச் சொல்லு. அவட வாய் சுகமாகிற வருத்தமா, இல்லாட்டி இப்பிடியே கிடக்கிறதா?"

உம்மா ஏன் கேட்கிறார் என்று எனக்குத் தெரியும். சில வாரமாகக் கல்முனைக்குடியிலிருந்து தம்பிக்கு ஒரு கல்யாணப் பேச்சு வந்துகொண்டிருந்தது. கல்வீடு, மாவடிப்பள்ளிப் பக்கம் வயல், பெண்ணின் வாப்பாவுக்குத் தெரிந்தவர்கள் மூலம் தம்பிக்குச் சவூதியில் வேலை. தம்பி ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. நான் என்ன சொல்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கோ மூத்தது பெண் பிள்ளை. எங்கள் ஊரில் பெண் பிறந்த அன்றைக்கே வாப்பாவின் தலையில் ஒரு வீடு ஏறிவிடும். மருந்து கலக்குகிறவன் சம்பளத்தில் வீடு எழும்பாது. தம்பி சவூதிக்குப் போனால் எழும்பும்.

உம்மா கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். நூலை வாயால் உறிஞ்சுவதை விட்டால் ஆறிவிடும் என்று சொல்லியிருந்தால் போதும். அவள் அன்றிரவே விட்டிருப்பாள். ஊரில் வேறு எந்த நோயாளியாக இருந்தாலும், சொன்னதைக் கேட்பாரா என்ற சந்தேகம் இருக்கும். அவளிடம் அந்தச் சந்தேகமே இல்லை.

"சொல்ல ஏலாது உம்மா" என்றேன்.

உம்மா கோப்பையைக் கவிழ்த்து வைத்தார். "அது போதும்" என்றார்.

நான் பொய் சொல்லவில்லை என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எந்த வருத்தத்தைப் பற்றி யார் உறுதியாகச் சொல்லமுடியும்? இப்படிப்பட்ட நியாயங்களைத் தேடிக்கொள்ள என் படிப்பு எனக்கு நன்றாக உதவியது.

பெருநாள் கழித்து உம்மாவே நேரில் போய்ப் பேச்சை முறித்துவிட்டு வந்தார். மாமி தலையில் அடித்துக்கொண்டு அழுதாராம். அவள்தான் மாமியைப் பிடித்து உட்காரவைத்தாளாம். உம்மா வந்து ஒரு பாரம் இறங்கினவர்போலச் சொன்னார்:

"தங்கமான புள்ள. 'டொக்டர் மச்சானே சொல்ல ஏலாதெண்டா வேற ஆருக்கு மாமி சொல்ல ஏலும்? சின்ன மச்சானுக்கு நல்ல இடமாப் பாத்து முடிங்க' எண்டு சொன்னாள். தேத்தண்ணியும் ஊத்தித் தந்தாள்."

"குடிச்சீங்களா?" என்று கேட்டேன்.

உம்மா எழும்பிப் போய்க் குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு குடித்தார்.

தம்பியின் நிக்காஹ் நடந்தது. சவூதிக் கடதாசிகள் வந்து சேர ஒரு வருடம் எடுத்தது. அந்த ஒரு வருடமும் அவள் டிஸ்பென்சரிக்கு வந்தாள். அந்த வருடம்தான் உதடு என்றுமில்லாதபடி மோசமானது. கீழுதடு நடுவில் பிளந்தது. குர்ஆன் ஓதும்போது இரத்தம் வடிகிறது என்று மனதுக்குள் ஓதினாள். ஒவ்வொரு முறையும் நான் களிம்பு கொடுத்தேன். "நேரத்துக்குப் பூசு" என்றும் சொன்னேன். நான் செய்த எல்லாவற்றிலும் இதுதான் எனக்கு மன்னிக்க முடியாததாக இருக்கிறது. உம்மாவிடம் சொன்னது ஒரு கணத்தில் வாயில் வந்தது. களிம்பை நான் ஒரு வருடம் கொடுத்தேன். அவளிடம் உண்மையைச் சொன்னால் ஆறிவிடும். ஆறினால், எப்போது தெரியும் என்று உம்மா கேட்பார், தம்பி கேட்பான், கல்முனைக்குடியார் கேட்பார்கள்.

தம்பி விமானம் ஏறிய கிழமையில் மருதமுனைக்குப் போனேன். சுவரில் தொங்கிய கம்பியை எடுத்து அவள் கையில் கொடுத்தேன்.

"இனி எந்த நாளும் இதாலதான் நூல் இழுக்கணும். ஓடம் உதட்டுல படவே கூடாது. சிவப்பு நூலத் தொட்ட கையால வாயையும் தொடாத. களிம்பும் வேணாம், பத்தியமும் வேணாம், வாய்க்காகப் புடிக்கிற நோன்பும் வேணாம். மீன் தின்னு."

அவள் ஓடத்தைத் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதா மச்சான்?" என்றாள். துவாரத்தைச் சுற்றியிருந்த சிவப்பை நகத்தால் சுரண்டினாள். பிறகு கேட்டாள்.

"எப்ப மச்சான் இது உங்களுக்கு விளங்கின?"

"இப்பத்தான். ஒரு புத்தகத்துல பாத்தன்."

"அல்ஹம்துலில்லாஹ்" என்றாள். பிளந்த உதட்டை முக்காட்டால் மறைத்துக்கொண்டு சிரிக்கப் பார்த்தாள். "எனக்காகப் புத்தகமெல்லாம் பாத்திருக்கீங்க."

நாலைந்து வாரத்தில் ஆறிவிட்டது. சுண்ணாம்பு வெந்த தழும்பைத் தவிர ஒன்றுமில்லை. கம்பியால் இழுப்பதால் அவள் நெசவு மெதுவானது. மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள். "என்ன கா, பெருநாள் போய் எவ்வளவு காலம், உனக்கு மட்டும் இன்னும் நோன்பா?" அவள் சிரித்துவிட்டுக் கம்பியையே எடுத்தாள். பிறகு ஒரு நாள் டிஸ்பென்சரிக்கு எனக்கு ஒரு சாரம் கொண்டுவந்து தந்தாள். வெள்ளை. எனக்குச் சாயம் ஒத்துக்கொள்ளுமோ என்னவோ என்று வெள்ளையாகவே நெய்தாளாம்.

தொழுகைக்குப் பின் கேட்கிற துஆவில் என் பேரைச் சொல்வதாக மாமி சொன்னார். பெரிய டொக்டருக்கும் பரிசாரியாருக்கும் தெரியாத வருத்தத்தை எங்கட மச்சான் கண்டுபிடித்தார் என்று அவள் போகிற இடமெல்லாம் சொன்னாள். ஒலுவிலிலிருந்தும் சாய்ந்தமருதிலிருந்தும் உதட்டுப் புண்ணோடு என்னைத் தேடி வந்தார்கள். நான் எல்லோரிடமும் முதலில், வாயில் என்ன வைக்கிறாய் என்று கேட்பேன். மீனவர்கள் தூண்டில் நூலைப் பல்லால் கடிப்பார்கள், தையற்காரர்கள் ஊசியை உதட்டில் வைப்பார்கள். பலருக்குச் சுகமானது. நல்ல பேர் எடுத்தேன்.

அவளுக்கு வேறு கல்யாணம் வரவில்லை என்று சொல்லமுடியாது. பேச்சுகள் வந்தன. வந்தவர்கள் உதட்டைப் பார்த்தார்கள். பார்க்க ஒன்றுமில்லை. பிறகு வெளியே போய் அக்கம்பக்கத்தில் விசாரித்தார்கள். அது திரும்ப வரலாமாம், சொல்ல ஏலாதாம், டொக்டரே சொன்னாராம் என்று ஊர் சொன்னது. என் வார்த்தை என்னைவிட வேகமாக நடந்தது. நான் நாலு வீட்டுக்குப் போய், அது வராது, நான் பொறுப்பு என்று சொல்லியிருக்கலாம். போகவில்லை. முந்திச் சொல்ல ஏலாது என்றாயே என்று ஒருவர் கேட்டுவிடுவார் என்று பயம்.

எண்பதுகளின் கடைசியில் என் மகளின் கல்யாணம் நடந்தது, தம்பி அனுப்பிக் கட்டிய வீட்டில். ஊரடங்குக்கு முன் எல்லோரும் வீடு போய்ச் சேரவேண்டும் என்று பகலிலேயே விருந்தை வைத்தோம். பெண்கள் பக்கம் சஹன்கள் போதுமா என்று பார்க்க உள்ளே போனேன். பத்துப் பன்னிரண்டு சஹன், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஐந்தாறு பேர். அவள் மட்டும் கதவு மூலையில் தனியாக இருந்தாள். மடியில் ஒரு எனாமல் பிளேட். வீட்டிலிருந்து கொண்டுவந்திருக்கிறாள். அதன் அடியில் அந்தச் சிவப்புப் புள்ளி இன்னும் இருந்திருக்கும்.

"என்ன மச்சி தனிய இருக்கிற?"

"நீங்கதானே மச்சான் தனிப் பிளேட் வெச்சிக்கச் சொன்ன."

உதடு ஆறி எத்தனையோ வருடம். களிம்பை நிறுத்தச் சொன்னேன், நோன்பை நிறுத்தச் சொன்னேன். பிளேட்டைப் பற்றி நான் சொல்லவே இல்லை. அவளும் சுகமாகும் மட்டும் என்ற என் சொல்லை வைத்துக்கொண்டு, சுகமாகிவிட்டது என்று நான் சொல்லும்வரை காத்திருந்திருக்கிறாள். கண்ணாடியை அவள் நம்பவில்லை. என்னை நம்பினாள்.

"அது எப்பவோ சுகம். இனி எல்லாரோடயும் இருந்து தின்னலாம்" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"சுகமா மச்சான்?" என்றாள். முகம் மலர்ந்தது. பிளேட்டைக் கதவோரமாக வைத்துவிட்டு எழும்பினாள். கையைக் கழுவினாள். பக்கத்தில் ஐந்து பேர் இருந்த ஒரு சஹனில் ஒரு இடம் காலியாக இருந்தது. அதில் போய் இருந்தாள். பிஸ்மி சொல்லி ஒரு பிடி எடுத்தாள்.

ஐந்து பெண்களும் ஒருவரையொருவர் பார்க்கவில்லை. ஒருத்தி தண்ணீர்ச் செம்பை எட்டி எடுத்தாள். "எங்களுக்கு வயிறு நிறைஞ்ச கா. நீ இருந்து வடிவாத் தின்னு" என்று அன்பாகச் சொன்னாள். ஒவ்வொருவராக எழும்பினார்கள். அது என் வீடு. என் மகளின் கல்யாணம். இருங்கள் என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் இருந்தார்கள். நான் சொல்லவில்லை.

அவள் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். சுகம் என்று சொன்னதற்காக ஒரு முறை சிரித்தாள். உதடு நன்றாக இருந்தது. பிறகு குனிந்து ஆறு பேருக்கு வைத்த அந்தச் சோற்றை உண்ணத் தொடங்கினாள். சஹனில் இருக்கிறவர் தனக்கு முன்னால் உள்ள பக்கத்தில் மட்டும்தான் கை வைக்கவேண்டும் என்று சிறுவயதில் எங்கள் எல்லோருக்கும் சொல்லித்தந்திருக்கிறார்கள். அவள் அவளுடைய பக்கத்தை மட்டும் தின்றாள். இறைச்சி மற்றப் பக்கத்தில் இருந்தது. அதைத் தொடவில்லை. தின்று முடித்து, மற்ற ஐந்து பேரின் பங்கையும் அப்படியே விட்டுவிட்டு, கையைக் கழுவ எழும்பினாள்.